பழைய ஆர்டர்களின் அடக்கவிலையைத் திருத்துதல்: அறிகுறி வாரியான பிழை நீக்கும் வழிமுறை

சிறிய ஆன்லைன் கடைகளுக்கு மாதக் கணக்கு முடித்துக் கொடுக்கும் வேலையில் எனக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. பொருளின் அடக்கவிலை தவறாக இருந்திருக்கிறது, அல்லது இல்லாமலே இருந்திருக்கிறது. ஏற்கெனவே விற்றுப் பணமும் வந்துவிட்ட ஆர்டர்களில் அதை எப்படிச் சரிசெய்வது என்பதே அந்தக் கேள்வி. எல்லாக் கடைக்கும் ஒரே விடை கிடையாது; திரையில் எந்த அறிகுறி தெரிகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். ஆகவே அறிகுறி வாரியாக, செலவில்லாத காரணத்திலிருந்து செலவு பிடிக்கும் காரணம் வரை, நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையைச் சார்ந்தவை. தொகைகள் விளக்கத்திற்காக வைத்துக்கொண்டவை.

படிக்கும்போது ஒரு வேறுபாட்டை மறக்காமல் வைத்திருங்கள். பொருள் பக்கத்தில் இருக்கும் அடக்கவிலை வேறு, ஆர்டருக்குள் பதிவாகியிருக்கும் அடக்கவிலை வேறு. முன்னது இன்றைய நிலவரம், பின்னது விற்ற அன்றைய நிலவரம். நான் பார்த்த குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் வந்தவையே.

## கை வைப்பதற்கு முன்

அத்தனை ஆர்டர்களையும், அவற்றில் இப்போது பதிவாகியிருக்கும் அடக்கவிலையுடன், சிஎஸ்வி கோப்பாக (நிரல்கள் காற்புள்ளியால் பிரிந்த எளிய எழுத்துக் கோப்பு) இறக்கி, கோப்பின் பெயரில் இன்றைய தேதியைச் சேர்த்துத் தனியாக வைத்துவிடுங்கள். தவறான எண்கள்தானே, எதற்குச் சேமிக்க வேண்டும் என்று தோன்றும். திருத்தம் தவறிப்போனால் திரும்பிப் போக அது ஒன்றே வழி. வேர்ட்பிரஸின் மேல் ஓடும் வூகாமர்ஸ் கடையாக இருந்தால் டேட்டாபேஸ் பேக்கப்பும், அதாவது கடையின் முழுத் தரவின் நகலும், வேண்டும்.

அடுத்ததாக, விலை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை தவறாக இருந்தது என்பதைத் தாளில் எழுதுங்கள். தொகையை முடிவுசெய்வதற்கு முன் தேதி முடிவாக வேண்டும், ஏனெனில் சரியான தொகையைத் தவறான தேதிக்குப் போட்டால் ஒரு மாதத்தின் பிழை இன்னொரு மாதத்துக்கு இடம் மாறுமே தவிர நீங்காது. இதே தாளில், ஆடிட்டர் கணக்கை முடித்துக் கையெழுத்திட்ட கடைசித் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஏதோ ஓர் ஆண்டின் மார்ச் 31 ஆக இருக்கும். அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்கும் ஆர்டர்களை நீங்களாகத் தொடக்கூடாது.

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொடக்க காலத்தில் ஒரு கடையில், விலை பதிவாகாத சில ஆர்டர்களை மட்டும் நிரப்புவதற்குப் பதிலாக, எல்லா ஆர்டர்களுக்கும் இன்றைய விலையைப் போடும் தேர்வை அழுத்திவிட்டேன். இரண்டு ஆண்டுகளின் விலைகள் சில நிமிடங்களில் ஒரே எண்ணாகிவிட்டன. அதற்கு முந்தைய மாதம் வேறொரு காரணத்துக்காக இறக்கி வைத்திருந்த கோப்பு இருந்ததால் ஆர்டர் ஆர்டராக மீட்க முடிந்தது. அப்படியும் கடைசி மூன்று வாரத்து விலைகளைக் கொள்முதல் பில்களிலிருந்துதான் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது.

## அறிகுறி: பழைய ஆர்டர்களில் அடக்கவிலை பூஜ்யம், விற்பனை முழுவதும் லாபமாகத் தெரிகிறது

முதலில் அப்படிப்பட்ட ஓர் ஆர்டரைத் திறந்து, அதன் தேதியையும் அந்தப் பொருளுக்கு அடக்கவிலை முதன்முதலில் உள்ளிடப்பட்ட தேதியையும் ஒப்பிடுங்கள். விற்றது முன்னதாகவும் விலை போட்டது பின்னதாகவும் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. மென்பொருளில் கோளாறு எதுவும் இல்லை.

இதற்கான தீர்வு கடை எந்தத் தளத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. ஷாப்பிஃபையில் பொருளின் ‘காஸ்ட் பெர் ஐட்டம்’ பெட்டியில் விற்ற நேரத்தில் இருந்த தொகையே லாப ரிப்போர்ட்டுக்குப் போகிறது. பின்னர் நிரப்பினால் அது இனி வரும் ஆர்டர்களுக்குத்தான் பொருந்தும். ஆகவே அங்கே பழைய காலத்துக்கான லாபத்தை வெளியே, எக்செல் தாளில் கணக்கிட்டு, அந்தத் தொகையைக் கணக்குப் புத்தகத்தில் கொண்டுவருவதே நேரான வழி. பொருள் பெட்டியை மாற்றி மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். வூகாமர்ஸில் பலரும் பயன்படுத்தும் ‘காஸ்ட் ஆஃப் கூட்ஸ்’ என்ற பிளகினில் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்), பழைய ஆர்டர்களுக்கு விலையைச் செலுத்த இரண்டு தேர்வுகள் உண்டு: விலை பதிவாகாத ஆர்டர்களுக்கு மட்டும் என்பது ஒன்று, இருக்கும் விலையையும் அழித்து எல்லா ஆர்டர்களுக்கும் என்பது மற்றொன்று. உங்களுக்கு வேண்டியது எப்போதும் முதலாவதுதான். இரண்டாவதை அழுத்துவதற்கு நியாயமான காரணம் ஒன்றை இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு கடையில்தான் பார்த்தேன். அது திறந்து ஆறு வாரமே ஆகியிருந்த, ஒரே ஒரு கொள்முதல் மட்டும் செய்திருந்த கடை.

முதலாவது தேர்விலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அது வெறுமையை நிரப்புவது இன்றைய விலையால். ஏப்ரலில் விற்ற நிலக்கடலை எண்ணெய்க்கு அக்டோபர் விலை ஏறி உட்கார்ந்துவிடும். இதைத் தவிர்க்க, பொருள் பக்கத்தில் ஏப்ரல் மாத விலையைத் தற்காலிகமாகப் போட்டு, நிரப்பும் வேலையை ஓடவிட்டு, முடிந்ததும் இன்றைய விலையைத் திரும்ப வைக்கலாம் என்பார்கள். வெறுமையான ஆர்டர்கள் எல்லாம் ஒரே விலைக் காலத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் அது சரி. பல விலைக் காலங்களில் சிதறிக் கிடந்தால் ஆர்டர் எண் வாரியாகக் கோப்பில் நிரப்பி ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. தற்காலிக விலை இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் புதிய ஆர்டர் வந்தால் அதிலும் பழைய விலை பதிவாகிவிடும். ஆகையால் கூட்டம் இல்லாத நேரத்தில் செய்துவிட்டு, இடையில் வந்த ஆர்டர்களைத் தனியே பாருங்கள்.

விலை முன்பே போட்டிருந்தும் பூஜ்யமாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது வேரியன்ட். அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் என்று மூன்று அளவுகள் இருக்கும் பொருளில் புதிதாகச் சேர்த்த அளவுக்கு மட்டும் விலை விடுபட்டிருக்கும். அதன்பின் தொலைபேசியில் வந்து கையால் போட்ட ஆர்டர்களைப் பாருங்கள். பட்டியலிலிருந்து பொருளைத் தேர்ந்தெடுக்காமல் “எண்ணெய் 2 லிட்டர்” என்று தட்டச்சு செய்த வரிக்கு எந்தப் பொருளோடும் தொடர்பு இல்லாததால் எந்த அடக்கவிலையும் வராது. நீக்கப்பட்ட பொருள், பழைய தளத்திலிருந்து இறக்குமதியான ஆர்டர், பிளகின் அணைந்திருந்த நாட்கள் ஆகியவை இதற்கடுத்த காரணங்கள்.

நீக்கப்பட்ட பொருளின் ஆர்டர்கள் சில நூற்றுக்கு மேல் இருந்து, அவற்றின் எஸ்கேயு எண்ணும் (கடை ஒவ்வொரு பொருளுக்கும் கொடுக்கும் அடையாள எண்) ஆர்டரில் இல்லாமல் போயிருந்தால், அந்த இடத்தில் டெவலப்பரை அழையுங்கள். டேட்டாபேஸில் நேரடியாக எழுத வேண்டிய வேலை அது.

## அறிகுறி: இன்று புதிய விலை போட்டேன், போன ஆண்டு லாபம் மாறிவிட்டது

ஒரே எஸ்கேயுவை எடுத்துக்கொண்டு, விலை மாறியிருக்க வேண்டிய மூன்று வெவ்வேறு மாதங்களிலிருந்து ஒவ்வோர் ஆர்டரைத் திறந்து பாருங்கள். மூன்றிலும் வெவ்வேறு விலை இருந்தால் ஆர்டர்கள் பத்திரமாக இருக்கின்றன, பிழை ரிப்போர்ட்டில் இருக்கிறது. மூன்றிலும் இன்றைய விலையே இருந்தால் யாரோ பழைய விலைகளை அழித்து எழுதியிருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில்தான் பிழை என்றால், அதைத் தயாரிப்பது நம்முடைய எக்செல் தாளாகவே இருப்பதைத்தான் அதிகம் காண்கிறேன். ஆர்டர் பட்டியல் ஒரு பக்கம், விலைப்பட்டியல் இன்னொரு பக்கம், நடுவில் எஸ்கேயுவைக் கொண்டு விலையைத் தேடி எடுக்கும் ஒரு விலுக்அப் சூத்திரம். விலைப்பட்டியலில் ஒரு பொருளுக்கு ஒரே வரி இருக்கும்வரை, அந்த வரியை மாற்றிய மறு நொடியே எல்லா ஆண்டுகளின் லாபமும் மாறத்தான் செய்யும். விலைப்பட்டியலை எஸ்கேயு, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, அடக்கவிலை என்று நான்கு நிரல்களாக மாற்றி, விலை மாறும்போது பழைய வரியை மூடிவிட்டுப் புதிய வரி சேர்த்து வாருங்கள். பின்னர் விலுக்அப்புக்குப் பதிலாக, நிபந்தனைகளுக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் போட்டு, எஸ்கேயு பொருந்த வேண்டும், தொடக்கத் தேதி ஆர்டர் தேதிக்குப் பிந்தாமலும் முடிவுத் தேதி அதற்கு முந்தாமலும் இருக்க வேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளைக் கொடுங்கள். இப்போது நடப்பிலுள்ள வரிக்கு முடிவுத் தேதியாக வெகுதூரத்துத் தேதி ஒன்றை வைத்துவிடலாம். சம்இஃப்ஸை நான் விரும்புவது அது தன் தவறைத் தானே காட்டிக்கொடுப்பதால்: இரண்டு வரிகளின் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் விலை இரட்டிப்பாக வரும், இடையில் நாள் விடுபட்டிருந்தால் பூஜ்யம் வரும். ஆர்டர் தேதியில் நேரமும் சேர்ந்திருந்தால் அதை முதலில் நீக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் முடிவுத் தேதியன்று பகலில் வந்த ஆர்டர்களெல்லாம் இடைவெளியில் விழுந்துவிடும்.

மாறியது கணக்கு மென்பொருளில் உள்ள லாபம் என்றால், பின்தேதியிட்ட கொள்முதல் பில் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டேலியில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓர் அடக்கவிலை தனியாக உறைந்து நிற்பதில்லை. இறுதிச் சரக்கிருப்பை அது மதிப்பீட்டு முறைப்படி அவ்வப்போது கணக்கிட்டு, அதிலிருந்து மொத்த லாபத்தைக் காட்டுகிறது. முறை சராசரி விலையாக இருக்கும்போது, ஜூன் தேதியிட்டு இன்று ஏற்றிய ஒரு பில் ஜூனிலிருந்து இன்றுவரையுள்ள எல்லா மாதங்களின் லாபத்தையும் அசைத்துவிடும். பில் உண்மையானது என்றால் அந்த அசைவும் நியாயமானதே. ஏற்கெனவே கொடுத்துவிட்ட மாத அறிக்கைகளில் இருக்கும் வேறுபாட்டைக் குறிப்பெழுதி வையுங்கள். மதிப்பீட்டு முறையையே யாராவது மாற்றியிருந்தால் அதை உடனே பழையபடி வைத்துவிட்டு ஆடிட்டரிடம் சொல்லுங்கள். முறையை மாற்றுவது கணக்குக் கொள்கையை மாற்றுவது; அதைக் கடையில் இருப்பவர் முடிவுசெய்ய முடியாது.

ஆர்டர்களே அழித்து எழுதப்பட்டிருந்தால் பேக்கப்பிலிருந்து அடக்கவிலை நிரலை மட்டும் மீட்க வேண்டும். முழு டேட்டாபேஸையும் பின்னோக்கித் திருப்பினால் இடையில் வந்த ஆர்டர்கள் காணாமல் போகும். பேக்கப்பே இல்லையென்றால் கொள்முதல் பில்களே ஆதாரம். எண்ணெய்க் கடையில் என்னைக் காப்பாற்றியது செக்கடியில் கிடந்த நீல அட்டை நோட்டு: ஆட்டிய ஒவ்வொரு நாளுக்கும் பருப்பின் எடை, கிலோ விலை, கிடைத்த எண்ணெய், புண்ணாக்கின் எடை என்று உரிமையாளரின் தாயார் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். எண்ணெய்க் கறைபட்ட அந்தப் பக்கங்களிலிருந்து பதினெட்டு மாத அடக்கவிலையைத் தேதிவாரியாகக் கட்ட முடிந்தது.

## அறிகுறி: ஆர்டரில் விலையைத் திருத்திவிட்டேன், ரிப்போர்ட் அசையவில்லை

எளிய காரணங்களை முதலில் ஒதுக்கிவிடுவோம். ரிப்போர்ட்டின் தேதி வரம்பும் ஆர்டர் நிலையும் சரியா என்று பாருங்கள். ரத்தான ஆர்டர்களும் பணம் வராத ஆர்டர்களும் பல ரிப்போர்ட்டுகளில் சேர்வதில்லை. பிறகு கேஷை, அதாவது தளமும் பிரவுசரும் சேமித்து வைத்திருக்கும் பழைய நகலை, அழித்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

கோப்பாக ஏற்றித் திருத்தியிருந்தால், ஏற்றிய கோப்பை நோட்பேடில் திறந்து எஸ்கேயு நிரலைக் கண்ணால் பாருங்கள். எக்செலில் திறந்து பார்த்தால் பிழை தெரியாது, ஏனெனில் பிழையை உண்டாக்குவதே எக்செல்தான். சிஎஸ்வி கோப்பை நேரடியாகத் திறக்கும்போது 00125 என்ற எஸ்கேயு 125 ஆகிவிடும். நீண்ட பார்கோடு எண் அடுக்குக்குறி வடிவத்துக்கு மாறிச் சுருங்கிவிடும். ஜூலை 5 என்ற தேதி மே 7 ஆகப் புரட்டிக்கொள்ளப்படலாம். இப்படி எஸ்கேயு மாறிய வரி எந்தப் பொருளோடும் பொருந்தாமல் சத்தமின்றித் தள்ளப்பட்டிருக்கும். எக்செலின் டேட்டா பகுதி வழியாகக் கோப்பை உள்ளே கொண்டுவந்து, அந்த நிரலை எழுத்து வகை என்று குறித்தால் இது நேராது.

வூகாமர்ஸ் கடையில் அடுத்த சந்தேகம் பின்னணி வேலைகளின் மீது. ஆயிரக்கணக்கான ஆர்டர்களைத் திருத்தும் பணி ஒரே மூச்சில் நடப்பதில்லை. சிறு சிறு கட்டுகளாகப் பிரிந்து வரிசையில் நிற்கும். அந்த வரிசையை நகர்த்தும் வேர்ட்பிரஸ் கடிகாரம், யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். இரவு பதினொன்றுக்குத் திருத்தத்தைத் தொடங்கிவிட்டு உறங்கப் போன சிறிய கடையில், விடியும்வரை வருகையே இல்லாமல் பாதி ஆர்டர்கள் பழைய விலையிலேயே நின்றிருக்கும். வூகாமர்ஸ் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘ஷெட்யூல்டு ஆக்‌ஷன்ஸ்’ பட்டியலைத் திறந்து, காத்திருப்பவை எத்தனை, தோற்றவை எத்தனை என்று பாருங்கள். காத்திருப்பவை குறைந்துகொண்டே வந்தால் பொறுத்திருங்கள். மீண்டும் அதே பொத்தானை அழுத்தாதீர்கள்.

தோற்றவை ஏறிக்கொண்டே போனால், அல்லது பணி முடிந்தும் ரிப்போர்ட் அசையாவிட்டால், ஆர்டர் சேமிப்பு முறையை டெவலப்பர் பார்க்க வேண்டும். வூகாமர்ஸ் 8.2 பதிப்பிலிருந்து புதிய கடைகளில் ஆர்டர்கள் எச்பிஓஎஸ் என்ற தனி அட்டவணைகளில் சேமிக்கப்படுகின்றன. அதற்கு ஏற்ப மாற்றப்படாத பழைய பிளகின், விலையைப் பழைய அட்டவணையில் எழுதிக்கொண்டிருக்கும். ரிப்போர்ட் புதிய அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்கும். இது நீங்களாக முயன்று பார்க்கும் இடமன்று.

## அறிகுறி: சில பொருள்களில் மட்டும் நம்ப முடியாத லாபம், அல்லது நட்டம்

அதிகமான நேரத்தை நான் செலவிடுவது இந்த அறிகுறியில்தான், ஏனெனில் இங்கே எண் பதிவாகியிருக்கும், தேதியும் சரியாக இருக்கும், எண்ணே தவறு.

அளவுக் குழப்பத்தை முதலில் பாருங்கள். ஒரு கிலோ பருப்பு 130 ரூபாய் என்றும், ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ பருப்பு என்றும் வைத்துக்கொள்வோம். பருப்பு 325 ரூபாய், ஆட்டுக்கூலி 40, பாட்டிலும் மூடியும் லேபிளும் 18; ஆக 383 ரூபாய். புண்ணாக்கு 1.4 கிலோவை 45 ரூபாய் வீதம் விற்றால் 63 ரூபாய் திரும்பக் கிடைக்கிறது. நிகர அடக்கவிலை 320. ஐந்து லிட்டர் கேனுக்கு எண்ணெய் மட்டும் 302 ரூபாய் வீதம் 1,510, கேன் 70, ஆக 1,580. அந்தக் கடையில் கேனின் விலைப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே 320 என்று இருந்தது. 1,950 ரூபாய்க்கு விற்ற கேனில் உண்மையான லாபம் 370. ரிப்போர்ட் காட்டியது 1,630. பல பொருள்களை ஒன்றாகத் திருத்தும் பல்க் எடிட்டில் மேல் வரியின் விலையைக் கீழே இழுத்துவிட்டதால் வந்த பிழை அது. இதே இழுப்பு எதிர்த்திசையில் நடந்திருந்தால் ஒரு லிட்டர் பாட்டில் ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டியிருக்கும். பன்னிரண்டு பாட்டில் அட்டைப்பெட்டியின் விலையை ஒரு பாட்டிலுக்குப் போடுவதும் இந்த வகையே. ஒவ்வொரு வேரியன்டின் அடக்கவிலையையும் அதன் லிட்டர் அளவால் வகுத்து ஒரு நிரல் போட்டுப் பார்த்தால் இந்தப் பிழைகள் எல்லாம் ஒரே பார்வையில் தென்பட்டுவிடும்.

அடுத்து ஜிஎஸ்டி. நீங்கள் உள்ளீட்டு வரிவரவு (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியை உங்கள் வரியில் கழித்துக்கொள்வது) எடுப்பவர் என்றால் பில்லில் உள்ள ஜிஎஸ்டி அடக்கவிலையில் சேரக்கூடாது. சிறு வணிகர்கள் விற்றுமுதலின் மீது குறைந்த விகிதத்தில் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் என்றால் அந்த வரவு கிடையாது என்பதால் வரியும் அடக்கவிலைதான். எல்லாப் பொருள்களிலும் லாபம் சற்றே குறைந்து, அந்தக் குறைவு பொருளின் வரி விகிதத்தோடு ஒத்துப்போனால், பில்லின் கடைசித் தொகையை அப்படியே விலையாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். 105 ரூபாய் என்று பதிவாகியிருப்பது 5 சதவீத வரி சேர்ந்த 100 ரூபாய் பொருளாக இருக்கும். வரியைக் கழிக்கும்போது 105-இலிருந்து 5 சதவீதத்தைக் கழிக்காமல் 1.05-ஆல் வகுக்க வேண்டும்.

விற்பனையாளர் ஜிஎஸ்டி தாக்கல் செய்யாததால் பில் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பியில் (விற்பனையாளர்களின் தாக்கலிலிருந்து தானாகத் தயாராகும் வரிவரவுப் பட்டியல்) வராமல் நிற்கிறது என்றால், அந்த வரியை அவசரப்பட்டு அடக்கவிலையில் ஏற்றாதீர்கள். நிதியாண்டு முடிந்து அடுத்து வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியதோ அதுவரை வரவு எடுக்க வாய்ப்பு இருக்கிறது. அது கடந்த பிறகு என்ன செய்வது என்பதை ஆடிட்டர் சொல்லட்டும்.

கடைசியாக, அடக்கவிலையில் எதைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஏஎஸ் 2 என்ற கணக்குத் தரநிலையின்படி சரக்கை உங்கள் இடத்துக்குக் கொண்டுவரும் வாடகையும் உற்பத்திக் கூலியும் அடக்கவிலையில் சேரும். விற்பனையாளர் கொடுத்த தள்ளுபடி கழியும். புண்ணாக்கு போன்ற துணைப்பொருளின் மதிப்பும் முதன்மைப் பொருளின் விலையிலிருந்து கழியும். வாடிக்கையாளருக்கு அனுப்பும் கூரியர் செலவும் விளம்பரச் செலவும் விற்பனைச் செலவுகள். அவற்றை அடக்கவிலைப் பெட்டியில் போட்டுவிட்டுச் செலவுத் தலைப்பிலும் எழுதினால் ஒரே ரூபாய் இரண்டு முறை கழிந்துவிடும்.

## அறிகுறி: விற்று முடிந்த பிறகு கொள்முதல் தொகையே மாறிவிட்டது

பருப்பு மூட்டைக்கான லாரி வாடகைப் பில் மூன்று வாரம் கழித்து வருகிறது, அல்லது வியாபாரி விலை வித்தியாசத்துக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) அனுப்புகிறார். இங்கே யாரும் தவறு செய்யவில்லை. தகவல் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவே. அந்தக் கொள்முதலில் எவ்வளவு விற்றது, எவ்வளவு கையிருப்பில் உள்ளது என்பதை மட்டும் கண்டுபிடியுங்கள். 200 லிட்டருக்கு 2,000 ரூபாய் வாடகை வந்து, 140 லிட்டர் விற்றிருந்தால், 1,400 ரூபாய் விற்ற சரக்கின் அடக்கவிலையோடும் 600 ரூபாய் சரக்கிருப்போடும் சேரும். ஒரே மாதத்துக்குள் என்றால் ஆர்டர்களில் லிட்டருக்குப் பத்து ரூபாய் கூட்டித் திருத்தலாம். மாதம் முடிந்திருந்தால், கடையிலுள்ள ஆர்டர்களை விட்டுவிட்டு, கணக்குப் புத்தகத்தில் ஒரே பதிவாக எழுதி, எந்தப் பில்லுக்காக என்பதை விவரத்தில் குறிப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். நூற்றுக்கணக்கான ஆர்டர்களைத் திறந்து மூடுவதில் வரும் புதிய பிழைகள், அந்த 1,400 ரூபாயைவிடப் பெரியவை.

## அறிகுறி: திரும்பி வந்த ஆர்டர்களில் கணக்கு உதைக்கிறது

பணம் திருப்பிக் கொடுத்ததும் விற்பனை குறைந்துவிடுகிறது. அடக்கவிலை குறைய வேண்டுமா என்பது சரக்கு என்ன ஆயிற்று என்பதைப் பொறுத்தது. கேஷ் ஆன் டெலிவரியில் வாங்க மறுத்துச் சீல் உடையாமல் திரும்பிய பாட்டில் மீண்டும் இருப்பில் சேர்கிறது, அதன் அடக்கவிலையும் ஆர்டரிலிருந்து விலக வேண்டும். வழியில் உடைந்த பாட்டில் திரும்ப வராது. அந்த 320 ரூபாய் நட்டமாக நிற்க வேண்டும். ரீஃபண்ட் செய்யும்போது இருப்பில் திரும்பச் சேர்க்கும் டிக் குறி இயல்பாகவே தேர்வாகியிருந்ததா என்று பாருங்கள்; உடைந்த பாட்டில்களையும் அது இருப்பில் ஏற்றியிருக்கும். கிடங்கில் எண்ணிப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

## அறிகுறி: கடை ரிப்போர்ட்டும் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகவில்லை

இரண்டும் ஒரே காலத்தைப் பேசுகின்றனவா என்று முதலில் பாருங்கள். வேர்ட்பிரஸை நிறுவும்போது நேர மண்டலம் மாற்றப்படாமல், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யுடிசியிலேயே விடப்பட்டிருந்தால், ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு இங்கே வந்த ஆர்டர் அங்கே மார்ச் 31 இரவு 8.30 மணி ஆர்டராகப் பதிவாகி, போன நிதியாண்டுக்குள் புகுந்துவிடும். அதேபோல் கடை ஆர்டர் தேதியையும் கணக்கர் அனுப்பிய தேதியையும் பின்பற்றினால் மாத இறுதியில் எப்போதும் ஒரு தொகை தொங்கிக்கொண்டிருக்கும்.

பிறகு விற்பனையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தைத் தளங்கள் வழியாக விற்பவர்கள், கணக்கில் வரவு வந்த தொகையை விற்பனையாக எழுதியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். தளம் பிடித்துக்கொள்ளும் கமிஷன் செலவு. அதோடு தளம் உங்கள் சார்பில் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரிகள் இரண்டு உண்டு: ஜிஎஸ்டி டிசிஎஸ், 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம்; வருமான வரி டிடிஎஸ், 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம். இவை இரண்டும் உங்கள் பெயரில் வரவாக நிற்கும் பணம் என்பதால் செலவிலும் சேராது, அடக்கவிலையிலும் சேராது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வித்தியாசம் நீடித்தால், கடை நிலையான விலையிலும் புத்தகம் சராசரி விலையிலும் ஓடுகின்றன என்று கொள்ளலாம். அப்படியானால் இரண்டையும் ஒரே எண்ணாக்க முயலாமல், புத்தகத்தை அதிகாரபூர்வமானதாக வைத்துக்கொண்டு, மாதந்தோறும் வித்தியாசத்தை எழுதி வாருங்கள். அது ஒரே அளவில் இருந்தால் கவலையில்லை. திடீரென்று தாவினால் மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று உள்ளே இருக்கிறது.

முடிந்த நிதியாண்டின் லாபத்தை மாற்றக்கூடிய பிழை என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆடிட்டரிடம் போங்கள். ஏஎஸ் 5 தரநிலை, முந்தைய காலப் பிழையை நடப்பு ஆண்டின் லாப நட்டக் கணக்கில் தனியாகத் தெரியும்படி காட்டச் சொல்கிறது. பழைய ஆண்டின் பதிவுகளைத் திறந்து அமைதியாக மாற்றச் சொல்லவில்லை. உங்கள் தொழில் கம்பெனியாகப் பதிவானது என்றால், 2023 ஏப்ரல் 1-இல் தொடங்கிய நிதியாண்டு முதல், ஒவ்வொரு மாற்றத்தின் தடத்தையும் தேதியுடன் பதியும், அந்தத் தடத்தை அணைக்க முடியாத மென்பொருளில்தான் கணக்கு வைத்திருக்க வேண்டும். ஆடிட்டரிடம் போகும்போது, திருத்துவதற்கு முன் இறக்கிய கோப்பு, தேதிவாரியான விலைப்பட்டியல், அதற்கு ஆதாரமான பில்கள், பிழையால் ஒவ்வொரு மாதமும் லாபம் எவ்வளவு மாறியது என்ற ஒரு பக்கத் தாள் ஆகிய நான்கையும் கொண்டு போங்கள். எண்ணெய்க் கடைக்காரர் ஐந்தாவதாக அந்த நீல நோட்டையும் எடுத்து வந்தார். ஆடிட்டர் முதலில் கேட்டு வாங்கிப் புரட்டியது அதைத்தான்.